ஆப்பிள் கூழ் இல்லாத வீட்டில் கணைய நொதி

குழந்தைகளுக்கான செரிமான நொதிகள் இந்தியாவில் இரு வேறு உலகங்களில் புழங்குகின்றன. முதல் உலகத்தில், குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை, வயிறு உப்புசமாக இருக்கிறது, எடை ஏறவில்லை என்ற குறைகளோடு பெற்றோர் மருந்துக்கடைக்குச் செல்கின்றனர். இனிப்பும் நிறமும் சேர்ந்த ஒரு நொதி சிரப்போடு திரும்புகின்றனர். அக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு நொதிக் குறைபாடு எதுவும் இல்லை. இரண்டாவது உலகம் மிகச் சிறியது. அங்கே இருப்பவை கணையம் செயல்படாத குழந்தைகள். ஒவ்வொரு வேளை உணவோடும் வெளியிலிருந்து நொதி சென்று சேராவிட்டால், அவர்கள் உண்ணும் கொழுப்பும் புரதமும் உடலில் ஒட்டாமல் வெளியேறிவிடும். முதல் உலகத்தில் தேவை குறைவு, மருந்து மிகுதி. இரண்டாவது உலகத்தில் தேவை உயிரோடு பிணைந்தது. மருந்தும் ஓரளவு கிடைக்கிறது. கிடைக்காதது ஒன்றுதான்: அந்த மருந்தை எதில் கலப்பது, எப்படிக் கொடுப்பது, எங்கே வைப்பது என்ற தெளிவு.

கலக்கும் முறையும் சேமிக்கும் முறையும் மருந்துக்கு வெளியே நிற்கும் துணைக்குறிப்புகளாகவே கருதப்படுகின்றன. மருத்துவர் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதுகிறார். மீதி உறைக்குள் மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பல மருந்துகளுக்கு இதனால் பெரிய கேடு வந்துவிடாது. கணைய நொதிக்கு வரும். இந்த மருந்தின் வீரியம் அது எந்த உணவில் விழுகிறது, எத்தனை நிமிடம் அதில் கிடக்கிறது, எந்த அலமாரியில் இருந்தது என்பதைப் பொறுத்தே நிற்கிறது. ஆகவே இந்தியச் சமையலறைக்கும் இந்தியத் தட்பவெப்பத்திற்கும் ஏற்ப எழுதப்படாத அறிவுரையோடு விற்கப்படும் கணைய நொதி, பாதி மட்டுமே வழங்கப்பட்ட மருந்தாகும். இதைப் பெற்றோரின் கவனக்குறைவு என்று சொல்லித் தள்ளிவிடுவது எளிது. ஆனால் பிழை பெரும்பகுதி அறிவுரையில் இருக்கிறது.

முதலில் உடலியலின் அடிப்படை. கணையம் மூன்று முதன்மையான நொதி வகைகளைச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. லிப்பேஸ் கொழுப்பையும், புரோட்டியேஸ்கள் புரதத்தையும், அமைலேஸ் மாவுச்சத்தையும் சிதைக்கின்றன. புரதத்தையும் மாவுச்சத்தையும் செரிப்பதற்கு இரைப்பையும் உமிழ்நீரும் குடற்சுவரும் ஓரளவு கைகொடுக்கும். கொழுப்பின் செரிமானத்திற்கு அத்தகைய வலுவான மாற்று ஏற்பாடு இல்லை. கணைய லிப்பேஸ் நின்றுபோனால் மலம் எண்ணெய்ப் பசையோடு, மிகுந்த நாற்றத்தோடு, அளவில் பெருகி வெளியேறும். கொழுப்போடு கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடன் போய்விடும். குழந்தை வயிறார உண்ணும், ஆனால் மெலியும். ஊட்டச்சத்துக் குறைபாடு பரவலாக உள்ள நாட்டில், இந்த மெலிவை வறுமையின் மெலிவாகவும் தொடர் வயிற்றுப்போக்காகவும் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு மிகுதி.

இத்தகைய கணையச் செயலிழப்புக்குக் குழந்தைப் பருவத்தில் முதன்மையான காரணம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுநோய். 1938இல் டோரதி ஆண்டர்சன் இதைத் தனி நோயாக விவரித்தார். 1989இல் இதற்குக் காரணமான மரபணு கண்டறியப்பட்டது. உடலின் சுரப்புகள் கெட்டியாகி, கணைய நாளங்கள் அடைபட்டு, நொதிகள் குடலை எட்டாமற் போகின்றன. நுரையீரலும் தொடர்ந்து தொற்றுக்கு உள்ளாகிறது. இது ஐரோப்பியர்க்கே உரிய நோய் என்ற எண்ணம் இந்திய மருத்துவ வட்டாரங்களில் நெடுங்காலம் நிலவியது. புது தில்லி எய்ம்ஸ் குழந்தைகள் மருத்துவத் துறை உள்ளிட்ட மையங்களின் ஆய்வுகள் அந்த எண்ணத்தைத் தளர்த்தின. இந்தியக் குழந்தைகளுக்கும் இந்நோய் வருகிறது. பலருக்குத் தாமதமாகவே கண்டறியப்படுகிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான கணைய நொதியைத் தன் பட்டியலிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நீண்டகாலம் தேவைப்படுகிற, ஒப்பீட்டளவில் செலவு குறைந்த சிகிச்சைகளின் வரிசையில் அது வைக்கப்பட்டுள்ளது. தேவை உண்டு என்பதை அரசே ஏற்றுக்கொண்ட பின்னர், அடுத்த கேள்வி அது குழந்தையின் குடலை உயிரோடு சென்றடைகிறதா என்பதே.

இங்கேதான் வேதியியல் குறுக்கிடுகிறது. லிப்பேஸ் அமிலத்துக்கு அஞ்சும் நொதி. இரைப்பையின் அமிலத்தில், பி.எச். அளவு 4க்குக் கீழே இறங்கினால், அது மீளாத வகையில் செயலிழக்கும். ஆகவே இன்றைய கணைய நொதி மருந்து, கேப்சூலுக்குள் நிறைந்த மிகச் சிறிய மணிகளாகத் தயாரிக்கப்படுகிறது. ஒவ்வொரு மணிக்கும் அமிலம் தாங்கும் ஓர் உறை உண்டு. இரைப்பையில் உறை கரையாது, பி.எச். ஏறத்தாழ 5.5ஐத் தாண்டும் சிறுகுடலில் கரைந்து, நொதியை உரிய இடத்தில் விடுவிக்கும். இந்த எளிய ஏற்பாட்டின் மேல்தான் மருந்து முழுவதும் நிற்கிறது. மணி உடைந்தாலும், உறை முன்கூட்டியே கரைந்தாலும், குழந்தை விழுங்குவது வெறும் புரதத் தூளே.

கேப்சூலை விழுங்க முடியாத கைக்குழந்தைக்கும் சிறு குழந்தைக்கும் அதைத் திறந்து மணிகளை உணவில் தூவிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்துகளின் அறிவுரைத் தாள் இதைத் தெளிவாகச் சொல்கிறது: பி.எச். 4.5 அல்லது அதற்குக் குறைவான மென்மையான, அமிலத்தன்மை உள்ள உணவில் சிறிதளவு எடுத்து, மணிகளைத் தூவி, உடனே கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டு, ஆப்பிள் கூழ். தாய்ப்பாலிலோ புட்டிப்பாலிலோ நேரடியாகக் கலக்கக் கூடாது. நசுக்கக் கூடாது, மெல்லவும் விடக் கூடாது. பின்னர் பாலோ நீரோ கொடுத்து, வாயில் மணிகள் தங்கியிருக்கவில்லை என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. பாலின் பி.எச். ஏறத்தாழ 6.6, அதில் விழுந்த மணியின் உறை கிண்ணத்திலேயே கரையத் தொடங்கும். உறை இழந்த நொதி வாயின் மென்படலத்தை அரித்துப் புண்ணாக்கும். இரைப்பைக்குச் சென்றபின் அமிலத்தில் மடியும்.

இந்த அறிவுரை எழுதப்பட்ட வீட்டில், குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஆப்பிள் கூழ்ப் புட்டி ஒன்று இருக்கிறது. இந்திய வீடுகளில் மிகப் பலவற்றில் அது இல்லை. தாளில் உள்ள எடுத்துக்காட்டு கைக்கு எட்டாதபோது, தாய் தன் சமையலறையில் மென்மையான உணவு எதுவோ அதை எடுப்பார். பருப்பு சேர்த்துக் குழைத்த சோறு, கிச்சடி, ரவைக் கஞ்சி, பாலில் ஊறிய பிஸ்கட், பால். குழந்தைக்கு ஊட்டும் உணவாக இவையெல்லாம் அருமையானவை. நொதி மணியைத் தூவுவதற்கு இவையெல்லாம் தவறானவை. குழைந்த சோற்றின் பி.எச். 6க்கு மேல், பருப்பும் அதை ஒட்டியே இருக்கும். மென்மை என்ற நிபந்தனையை அவர் நிறைவேற்றிவிட்டார். அமிலம் என்ற நிபந்தனையை அவரிடம் யாரும் புரியும்படி சொல்லவில்லை.

ஒரு பொருளின் பெயரை மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்பதும் பிழையே. ஒரு நிறுவனத்தின் அறிவுரைத் தாள் ஆப்பிள் கூழோடு வாழைப்பழக் கூழையும் அனுமதிக்கிறது. ஆனால் அது குறிப்பிடுவது தொழிற்சாலையில் அடைக்கப்பட்ட குழந்தை உணவை. அத்தகைய கூழில் பெரும்பாலும் அமிலம் சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டில் பிசையும் கனிந்த வாழைப்பழத்தின் பி.எச். பொதுவாக 4.5க்கும் 5.2க்கும் இடைப்பட்டது, எல்லைக்கோட்டில் அல்லது எல்லைக்கு வெளியே நிற்பது. 'வாழைப்பழத்தில் கொடுக்கலாம்' என்று பெயர்த்தெழுதிய வாக்கியம் சொல்லளவில் சரி, பொருளளவில் தவறு. தயிர் ஏறத்தாழ 4 முதல் 4.6 வரை நிற்கும். நன்கு புளித்த தயிர் ஏற்கத்தக்கது, அன்று காலை உறைந்த இனிப்புத் தயிர் ஐயத்துக்குரியது. பாதுகாப்பான வழி எளிதாகவே இருக்கிறது: ஓர் ஆப்பிளைத் தோல் நீக்கி ஆவியில் வேகவைத்து, மசித்து, நன்கு ஆறவைத்து, ஒரு தேக்கரண்டி எடுத்தால் போதும். ஆப்பிளின் பி.எச். 4க்கும் கீழே இருக்கும். ஆப்பிள் விலை ஏறும் மாதங்களில் வேறு புளிப்புக் கனிகள் உள்ளன. ஆனால் எந்தக் கனி, எந்தக் கனிவில், எத்தனை நிமிடம் என்பதை ஒவ்வொரு தாயும் தானே ஊகித்துக்கொள்ள வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

தேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது இந்நாட்டின் பல பகுதிகளில் தலைமுறைகளாக வந்த பழக்கம். தேன் அமிலத்தன்மை உடையது. ஆதலால் மணிகளுக்கு அது ஏற்றதுதானே என்று வேதியியல் அறிந்த ஒருவருக்கே தோன்றலாம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது; பாட்டுலிசம் என்னும் நச்சுத்தாக்கத்தை உண்டாக்கும் நுண்ணுயிரியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும். ஆங்கிலத் தாளில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமற் போவது இயல்பு. அந்தத் தாளை எழுதியவர் மனத்தில் தேனில் குழைக்கும் பாட்டி இல்லை. இந்தியத் தாளில் அது முதல் வரியிலேயே இருந்தாக வேண்டும். பண்பாட்டுக்கு ஏற்ப எழுதுவதன் தேவை இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே விளங்கும்.

கலப்பதில் நேரும் பிழை அந்த ஒரு வேளை உணவோடு முடிவதில்லை. குழந்தையின் எடை ஏறவில்லை, மலத்தில் எண்ணெய் நிற்கவில்லை என்று பெற்றோர் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். மருந்து போதவில்லை என்று கருதி மருத்துவர் அளவை உயர்த்துகிறார். சமையலறையில் நேர்ந்த இழப்பு, மருத்துவரின் கண்ணுக்கு மருந்தின் தோல்வியாகத் தெரிகிறது. அளவை உயர்த்துவதற்கு எல்லை உண்டு. 1994இல் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து வெளிவந்த ஆய்வறிக்கை, அதிக வீரியமுள்ள நொதிகளை உட்கொண்ட சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகளின் பெருங்குடலில் தழும்பு விழுந்து குறுகிப்போனதைப் பதிவுசெய்தது. அதன் பின்னரே, ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2,500 லிப்பேஸ் அலகு, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10,000 அலகு என்ற மேல்வரம்புகள் நிலைபெற்றன. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொடக்க அளவு வேளைக்குக் கிலோவுக்கு 1,000 அலகு. பாலில் கலந்து பாதி வீணாகும் மருந்துக்கு அளவைக் கூட்டிக்கொண்டே சென்று, பின்னர் ஒருநாள் முறையாகக் கொடுக்கத் தொடங்கினால், அந்த முழு அளவும் குடலில் இறங்கும். ஆகவே அளவை உயர்த்தும் முன் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை கேப்சூல்' என்பதன்று. 'எதில் கலந்து, எப்படிக் கொடுக்கிறீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள்' என்பதே.

கைக்குழந்தைக்கு இன்னொரு சிக்கல். ஒரு முறை தாய்ப்பால் ஊட்டும்போது அதற்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 2,000 முதல் 4,000 லிப்பேஸ் அலகு. கையில் இருப்பது 10,000 அலகுக் கேப்சூலாக இருந்தால், அதைத் திறந்து மணிகளைப் பிரித்தாக வேண்டும். எஞ்சிய மணிகள் என்னாவது? நடைமுறையில் அவை காகிதத்தில் மடிக்கப்படுகின்றன, சிறு டப்பாவில் போடப்படுகின்றன, சில வேளைகளில் அடுத்த வேளைக்கென்று பழக்கூழிலேயே கலந்து வைக்கப்படுகின்றன. இவற்றில் கடைசியானது முற்றிலும் தவறு. உணவில் கலந்த மணி சேமிப்பதற்குரியதே அன்று. மழைக்காலக் காற்று படும்படி மடித்துவைத்த மணிகளையும் நம்ப முடியாது. விலை உயர்ந்த மருந்தை வீசி எறிய மனம் வராத குடும்பத்திடம் 'மீதியைக் கொட்டிவிடுங்கள்' என்று மட்டும் சொல்வது அறிவுரை ஆகாது. குறைந்த அலகுள்ள கேப்சூல்களும் அளவுக் கரண்டியுடன் கூடிய மணிகளும் நாடெங்கும் எளிதில் கிடைக்கச் செய்வதே உண்மையான தீர்வு.

சேமிப்பின் கதை இதைவிடக் கடினமானது. பெரும்பாலான கணைய நொதிகளின் பெட்டியில் 25 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத வெப்பத்தில், ஈரம் படாமல் வைக்கும்படி எழுதியிருக்கும். சில தாள்கள் இதை 'அறை வெப்பநிலை' என்றும் சொல்கின்றன. யாருடைய அறை என்பதே கேள்வி. தில்லியிலும் நாக்பூரிலும் மே மாதப் பகல் 45 டிகிரியை எட்டும். தகரக் கூரை வேய்ந்த ஓர் அறைக்குள் இரவிலும் வெப்பம் இறங்காது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். நொதி என்பது புரதம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதன் வீரியம் மெல்ல மெல்லக் குறையும். நிறமும் மணமும் மாறாமலே குறையும் என்பதால் பெற்றோருக்கு அது தெரிய வழியில்லை. மருந்துகளின் நிலைத்தன்மையைச் சோதிக்கும் உலகளாவிய வகைப்பாட்டில் இந்தியா வெப்பமும் ஈரமும் மிகுந்த நான்காம் மண்டலத்தைச் சேர்ந்தது. ஆனால் குழந்தை உண்ணும் வீட்டின் அலமாரி அந்த மண்டலத்துக்குரிய சோதனை வெப்பத்தையும் தாண்டிவிடுகிறது.

அப்படியானால் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமே என்பது இயல்பான முடிவு. அதிலும் இடர் உண்டு. குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்றின் ஈரம் உள்ளே நீர்த்துளியாகப் படியும். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களில் பெட்டிக்குள் ஈரமும் வெப்பமும் மாறி மாறி வரும். சில தாள்கள் குளிர்பதனம் கூடாது என்றே சொல்கின்றன. எனவே எந்தத் தாள் எதைச் சொல்கிறதோ அதன்படியே நடக்க வேண்டும். பொதுவாக எல்லா வீட்டுக்கும் பொருந்தக்கூடியவை சில எளிய விதிகள். அடுப்புக்கு மேலுள்ள அலமாரியும் சன்னலோரமும் குளியலறையும் கூடா. வந்த டப்பாவிலேயே, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இருந்தால் அதோடு சேர்த்து, மூடியை உடனுக்குடன் இறுக்கி வைக்க வேண்டும். வீட்டின் உள்ளறையில், தரைக்கு அருகில், வெயில் படாத இடம் நல்லது. மூன்று நான்கு மாதத்துக்கு மொத்தமாக வாங்கிக் கோடையில் அடுக்கி வைப்பதைவிட, இயன்றவரை மாதந்தோறும் வாங்குவது மேல். பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் பையில் அன்றைய தேவைக்கு மட்டுமே வைக்க வேண்டும். கூரியரில் வரும் மருந்து எத்தனை நாள் சரக்கு வண்டியில் வெந்தது என்பதை எந்த வீடும் அறியாது. அதை அறிந்து பொறுப்பேற்க வேண்டியவர்கள் விற்பவர்கள்.

இன்னொரு செய்தியும் சமையலறை வாசலில் தயங்கி நிற்கிறது. இந்த மருந்து பன்றியின் கணையத்திலிருந்து பெறப்படுவது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைக்கு இதற்கு இணையான பயன் தரும் தாவர வழி மாற்று இன்று நடைமுறையில் இல்லை. சைவ உணவினர், இசுலாமியர், சமணர் எனப் பல குடும்பங்களுக்கு இது எளிய செய்தி அன்று. சொல்லாமல் விட்டுவிட்டால் குழந்தை மருந்தை உட்கொள்ளுமே என்று சில மருத்துவர்கள் கருதக்கூடும். அது ஒப்புதலைத் திருடுவது; மேலும் மறைத்த செய்தி பின்னர் இணையத்தின் வழியாக வந்து சேரும்போது மருந்து ஒரே நாளில் நின்றுபோகும் அபாயமும் உண்டு. மூலத்தை முதல் நாளிலேயே சொல்லி, தேவையின் அளவை விளக்கி, குடும்பம் தான் மதிக்கும் பெரியவரிடம் கலந்துகொள்ள அவகாசம் தருவதே அறமும் நடைமுறையும் ஆகும். உயிர் காக்கும் தேவைக்கு விலக்கு அளிக்கும் மரபு பல சமயங்களில் உண்டு. அந்த உரையாடலை நடத்தும் பொறுப்பு குடும்பத்தினுடையது, உண்மையைச் சொல்லும் பொறுப்பு மருத்துவருடையது.

இனி முதல் உலகத்துக்குத் திரும்பலாம். நொதி சிரப்புகளின் வரலாறு நீண்டது. 1833இல் பயான், பெர்சோ என்னும் பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைகட்டிய பார்லியிலிருந்து டயஸ்டேஸைப் பிரித்தெடுத்தனர். 1836இல் தியோடர் ஷ்வான் பெப்சினுக்குப் பெயரிட்டார். 1894இல் ஜோகிச்சி தகாமினே பூஞ்சையிலிருந்து டயஸ்டேஸ் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த நூற்றாண்டின் வியப்பே இன்றும் இனிப்புச் சுவையோடு புட்டியில் விற்கப்படுகிறது. நலமான குழந்தையின் இரைப்பை தனக்குத் தேவையான பெப்சினைத் தானே சுரக்கிறது. பெப்சின் வேலை செய்யும் கடும் அமிலம் டயஸ்டேஸுக்கு ஒவ்வாது. இரண்டையும் ஒரே கரண்டியில் ஊற்றிக் கொடுப்பதன் தருக்கம் வலுவற்றது. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தபோது, அந்தப் பட்டியலில் அமைலேஸ் முதல் பாப்பெய்ன் வரை பத்துக்கும் மேற்பட்ட நொதிகளை ஒன்றாகக் கொட்டிய ஒரு கலவையும் இருந்தது. அத்தகைய ஒரு பொருள் அத்தனை காலம் கடைகளில் இருந்ததே சிந்திக்கத் தக்கது.

இந்தச் சிரப்புகள் பெருங்கேடு எதையும் செய்வதில்லையே, விட்டுவிடலாமே என்று கேட்போர் உண்டு. அவை செய்யும் கேடு மறைமுகமானது. ஒன்று, எடை ஏறாத குழந்தைக்கு மூன்று மாதம் சிரப் கொடுத்துப் பார்ப்பதென்பது, வியர்வைச் சோதனையும் மலத்தில் எலாஸ்டேஸ் சோதனையும் செய்திருக்க வேண்டிய மூன்று மாதத்தை இழப்பது. மற்றொன்று, 'நொதி' என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. கணைய நொதிக் கேப்சூல் இருப்பில் இல்லாத கடையில், 'இதுவும் செரிமான மருந்துதான்' என்று சொல்லி ஒரு சிரப்பை நீட்டுவது எளிதாகிறது. ஒன்றன் வலிமை லிப்பேஸ் அலகில் அளக்கப்பட்டு, உறையிட்டுக் காக்கப்படுவது. மற்றொன்றில் அந்த உறையும் இல்லை, தேவையான லிப்பேஸும் இல்லை. மிகுதியாக விற்கப்படும் தேவையற்ற மருந்து, அரிதாகத் தேவைப்படும் இன்றியமையாத மருந்தின் முகத்தை மறைத்துவிடுகிறது.

எதிர்வாதங்கள் இரண்டு வலுவானவை. முதலாவது, இந்த நோய் அரிது. ஊட்டச்சத்துக் குறைபாடும் தொற்றும் கோடிக்கணக்கில் இருக்கும் நாட்டில், சில ஆயிரம் குடும்பங்களுக்காகப் பல மொழிகளில் தாள் எழுதுவதும் உணவுகளைச் சோதிப்பதும் முன்னுரிமை ஆகுமா என்பது. ஆகும். செலவு பெரிதாக இருக்கும் மரபணுச் சிகிச்சையைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டால் அதற்கு எடை உண்டு. இங்கே மருந்துக்கான பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. குடும்பமோ அரசோ அதைக் கொடுத்துவிட்டன. 2022 முதல் உயர்சிறப்பு மையங்களில் அரிய நோய்க்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி வழங்க அரசு முன்வந்திருக்கும்போது, அப்படி வாங்கிய மருந்து பால் கிண்ணத்தில் கரைந்து போகாமல் காப்பதற்கு ஒரு தாள் எழுதுவது சிக்கனமே. இரண்டாவது வாதம், மருத்துவரும் செவிலியரும் வாய்மொழியாக விளக்குகிறார்களே என்பது. நோயின் பெயரை முதன்முதலாகக் கேட்ட அதிர்ச்சியில் இருக்கும் பெற்றோரிடம், நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் சில நிமிடங்களில் சொன்னவை வீடு வரை தாங்குவதில்லை. அங்கே கேட்டுக்கொண்டவர் தந்தையாகவும், வீட்டில் ஊட்டுபவர் பாட்டியாகவும் இருக்கலாம். எழுத்தும் படமும் சேர்ந்த ஒரு தாள் சமையலறைச் சுவரில் இருந்தால், ஊட்டுபவர் யாராயினும் அதைப் பார்ப்பார்.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. கணைய நொதி விற்கும் ஒவ்வொரு நிறுவனமும், விற்கும் மாநிலத்தின் மொழியில், படங்களுடன், ஒரே பக்கத்தில், கலக்கும் முறையையும் சேமிக்கும் முறையையும் தர வேண்டும் என மருந்து ஒழுங்காணையம் கட்டளையிடலாம். அந்தப் பக்கத்தில் பாலும் சோறும் பருப்பும் தேனும் தெளிவாக விலக்கப்பட்டிருக்க வேண்டும். மசித்த ஆப்பிள் செய்யும் முறை இருக்க வேண்டும். வீட்டு வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் என்ன செய்வது என்பதை, தாண்டாது என்று பாவனை செய்யாமல், நேராகச் சொல்ல வேண்டும். குறைந்த அலகுக் கேப்சூல்கள் உயர்சிறப்பு மையங்களின் மருந்தகங்களிலாவது எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். தேவையற்ற நொதிக் கலவைகளின் மீதான நடவடிக்கை ஓர் அறிவிப்போடு நின்றுவிடாமல், குழந்தைகளுக்கான சிரப்புகள் வரை தொடர வேண்டும்.

ஆய்வாளர்களுக்கும் இதில் ஒரு கடன் உண்டு. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் 528 இந்திய உணவுகளின் கலவையை அட்டவணையாக வெளியிட்டது. நொதி மணியின் உறை எந்த இந்திய உணவில் எத்தனை நிமிடம் தாங்கும் என்று சொல்வது அத்தகைய அட்டவணையின் வேலையன்று. அதைத் தனியாகச் செய்தாக வேண்டும். அதற்குத் தேவைப்படுவது ஒரு பி.எச். மானி, ஒரு வெப்பக் குளியல், லிப்பேஸ் செயலை அளக்கும் வழக்கமான சோதனை முறை, பொறுமை. புளித்த தயிர், கொய்யாக் கூழ், மாம்பழக் கூழ், மசித்த ஆப்பிள், வீட்டு வாழைப்பழம் ஆகியவற்றில் ஐந்து, பத்து, முப்பது நிமிடங்களுக்குப் பின் எவ்வளவு நொதி எஞ்சுகிறது என்று பார்ப்பது ஒரு முதுகலை மாணவரின் ஓராண்டுப் பணிக்குள் அடங்கும். கோடையில் தகரக் கூரை வீட்டு அலமாரியில் முப்பது நாள் வைத்த கேப்சூலின் வீரியத்தை அளப்பதும் அவ்வாறே. இத்தகைய ஆய்வு உயர்ந்த இதழ்களின் முகப்பில் வராது. மேற்கோள் எண்ணிக்கையும் அதிகம் ஈட்டாது. ஆனால் அதன் முடிவுகளை ஒரு தாய் அன்று மாலையே பயன்படுத்த முடியும். மருந்தியல், உணவியல், மொழிபெயர்ப்பியல் ஆகிய மூன்று துறையினரும் ஒரே மேசையில் அமர வேண்டிய ஆய்வு இது. மூன்றும் தனித்தனிக் கட்டடங்களில் இருப்பதாலேயே இதுவரை யாருடைய வேலையாகவும் ஆகவில்லை.

ஒரு மருந்து நோயாளியைச் சென்றடைந்தது என்று சொல்வதற்குரிய அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும். கிடங்கிலிருந்து மருத்துவமனைக்கு வந்ததும், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குச் சென்றதும் மட்டும் அந்த அளவுகோல் ஆகா. கேப்சூல் திறக்கப்பட்டு, மணிகள் முழுமையாக, உரிய உணவோடு, குழந்தையின் குடலை எட்டும்போதுதான் அந்தப் பயணம் முடிகிறது. அதன் கடைசி முழம் ஒரு தேக்கரண்டியின் நீளம்தான். அந்த ஒரு முழத்திற்கான வழியைச் சொல்லாமல் விட்டுவிட்டு, குழந்தை தேறவில்லையே என்று வீட்டாரைக் கேட்பதில் நியாயம் இல்லை.